பட்டா எண்ணுக்கு உரியவர்

என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு செண்ட் நிலமும் கிடையாது. ஆனாலும் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை விவசாயி என்றுதான் சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஆளுடைய நிலத்தைத்தான் அவர் குத்தகைக்குப் பார்த்துவந்தார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுப்பு முடிந்ததும் பேசிய நெல் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்விடும், மிச்சம் எங்களுக்கு. நிலத்துக்காரர் மதுரையில் வீடு கட்டிக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது. எப்போதாவது காரில் வருவார், வரப்பில் நின்று பார்ப்பார், இளநீர் குடித்துவிட்டுப் போவார். அப்பாவைவிட வயதில் சின்னவர். அப்பா அவரை ‘அய்யா’ என்பார். அவர் அப்பாவை ‘வாப்பா, போப்பா’ என்பார். தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கூலியிலிருந்து குத்தகைக்கு வந்ததையே எங்கள் வீட்டில் பெரிய ஏற்றமாக நினைத்தோம்.

நான் மதுரை அண்ணாநகரில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதை நேரில் போய்க் கேட்டு, நிரல் எழுதுபவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவது என் வேலை. கொஞ்சம் நிரலும் எழுதுவேன். மேலூர் வட்டாரத்து நெல் விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு கம்பெனி எங்களிடம் வந்தபோது, “நம்ம ஊரு வேலை, நீயே பாத்துக்கப்பா” என்று எங்கள் டீம் லீட் அதை என் கையில் கொடுத்தார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஆண், பெண் எல்லோரும் ‘ப்பா’தான், நானும் அப்படித்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில், நான் பேசும்போது குறுக்கே பேசாத ஒரே ஆள் அவர்.

விதைப்பைப் பதிவது, அறுப்பு மிஷினுக்கு முறை போடுவது, கிட்டங்கிக்கு வரும் நெல்லை வரவு வைப்பது, இவ்வளவுதான் அந்த மென்பொருள். முதல் அறுப்பிலேயே மாட்டிக்கொண்டோம். மாட்டிவிட்டது ‘லோடு’ என்ற ஒரு சொல். எங்கள் நிரலில் லோடு என்றால் ஒரு விவசாயி கொண்டுவரும் நெல். கிட்டங்கிக்காரர்களுக்கு லோடு என்றால் ஒரு லாரி. ஒரு லாரியில் நாலைந்து பேருடைய மூட்டைகள் வரும். எடை மேடையில் லாரியை நிறுத்தி, வந்த எடையை ஒரே ‘லோடு’ என்று பதிந்துவிட்டார்கள். ஒரு பெண்மணியின் பெயரில் லாரி நிறைய நெல். அதே லாரியில் மூட்டை ஏற்றிய மற்றவர்கள் பெயரில் ஒன்றுமே இல்லை. அவர்கள் கிட்டங்கி வாசலில் வந்து போட்ட சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

சரிசெய்து முடித்த பிறகு லீட் சொன்னார்: “ஆளுக்கொரு பாஷை பேசிக்கிட்டிருக்கோம்ப்பா. மொதல்ல வார்த்தையப் பேசி முடிப்போம். ஒரு கிளாசரி போடு.”

இதற்கு முன்பும் சொற்பட்டியல் போட்டிருக்கிறோம். எக்செல்லில் யாராவது உட்கார்ந்து எழுதுவார்கள். ஒரு மாதம் கழித்து நிரல் மாறிவிடும், பட்டியல் பழசாகிக் கிடக்கும். யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். அதனால் இந்த முறை நிரலிலிருந்தே பட்டியலை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எந்த மென்பொருளுக்குள்ளும் ஒரு வரைபடம் மாதிரி ஒன்று இருக்கும். டொமைன் மாடல் என்போம். நெல் என்றால் என்ன, லோடு என்றால் என்ன, எது எதற்குள் அடங்கும், எது இல்லாமல் எது இருக்க முடியாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருப்பது அதில்தான். அதைப் படித்து ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு விளக்கம் எழுதித் தரும் சின்ன நிரல் ஒன்று, ஸ்கிரிப்ட் என்போம், எழுதினேன். மாடல் மாறினால் பட்டியலும் தானாக மாறிவிடும். நிரல் ஒன்று சொல்ல, பட்டியல் வேறொன்று சொல்லும் பேச்சுக்கே இடமில்லை.

அது முதலில் எழுதித் தந்த வாக்கியங்கள் சிரிப்பாக இருந்தன. ‘நெல்: ஈரப்பதம் உடையது. ஈரப்பதம் இல்லாமல் நெல் இருக்க முடியாது.’ ‘மூட்டை: நெல்லின் ஒரு பகுதி. ஒரு மூட்டைக்கு ஒரே ஒரு தாய் லோடு.’ லீட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினார். “தாய் லோடா! அய்யோ, இத மாத்துப்பா, கிட்டங்கியில சிரிப்பாங்க.” மாற்றினேன். ஒவ்வொரு சொல்லாகச் சீராக்கிக்கொண்டே வந்தேன். வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அப்பா பேசும் சொல்லும், லாரி டிரைவர் பேசும் சொல்லும், எங்கள் மாடியில் ஏசிக்குள் உட்கார்ந்திருப்பவன் பேசும் சொல்லும் ஒரே பக்கத்தில் வந்து ஒரே பொருளைச் சொல்லும் என்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ‘விவசாயி’ வந்தபோது ஸ்கிரிப்ட் இப்படி எழுதியிருந்தது: ‘விவசாயி: ஒரு பட்டா எண்ணுக்கு உரியவர். பட்டா எண் இல்லாமல் விவசாயி இருக்க முடியாது. ஒரு பட்டா எண்ணுக்கு ஒரு விவசாயி.’

ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை. மாடலில் அப்படித்தான் இருந்தது. ஆரம்பத்தில் யாரோ பட்டா எண்ணைக் கட்டாயம் என்று வைத்துவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் நல்லது என்றே நினைத்தேன். சொற்பட்டியல் எதற்கு? நிரலுக்குள் ஒளிந்திருக்கும் தப்பு இப்படி எல்லார் கண்ணிலும் படுவதற்குத்தானே. அந்த வரிக்கு மஞ்சள் நிறம் பூசி, ‘குத்தகைதாரர்கள்? கூட்டத்தில் பேசவேண்டும்’ என்று பக்கத்தில் எழுதிவைத்தேன்.

கூட்டம் மேலூரில் அவர்களுடைய கிட்டங்கியில் நடந்தது. மேலே தகரம், பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று தவிட்டுத் தூசியை எங்கள்மேல் வீசிக்கொண்டே இருந்தது. அவர்கள் பக்கம் கம்பெனி இயக்குநர் ஒருவர், கிட்டங்கி சூப்பர்வைசர், ஊர் ஊராக ஸ்கூட்டியில் போய் விதைப்பைப் பதிந்துவரும் களப்பணியாளர் பெண். எங்கள் பக்கம் லீட்டும் நானும். இயக்குநர் அறுபது வயதுக்காரர், நிலபுலன் உள்ளவர். மரியாதையானவர். எங்களுக்கு டீ வந்த பிறகுதான் தனக்கு எடுத்துக்கொண்டார். லோடு, மூட்டை, வரவு, முறை என்று ஒவ்வொன்றாகப் படித்து, திருத்தி, ஒத்துக்கொண்டோம். “நல்லாச் செஞ்சிருக்கீங்கம்மா. இது மொதல்லயே இருந்திருந்தா அன்னைக்கு அம்புட்டுச் சண்ட வந்திருக்காது” என்று இயக்குநர் சொன்னார்.

பிறகு நான் விவசாயி என்ற வரியைப் படித்தேன். சூப்பர்வைசர் தலையாட்டினார். இயக்குநர், “சரியாத்தான இருக்கு” என்று அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

“இல்ல சார்” என்றேன். “குத்தகைக்குப் பாக்குறவங்க இதுல வரமாட்டாங்க. அவங்களுக்குப் பட்டா கெடையாதே.”

களப்பணியாளர் பெண் லேசாக நெளிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சார், நான் நெலத்துக்காரங்க பட்டா நம்பரப் போட்டு, பாடுபடுறவங்க பேரத்தான் ஏத்தியிருக்கேன். பேரு யாரோடதுன்னு சிஸ்டம் கேக்கல. நெல்லக் கொண்டாந்து எறக்குறவங்க அவங்கதானே சார்.”

இயக்குநர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். “எம்புட்டுப் பேரும்மா அப்படி ஏத்தியிருக்க?”

“நெறய இருக்கும் சார்.”

“பட்டா ஒருத்தன் பேருல இருக்கு, விவசாயின்னு இன்னொருத்தன் பேரு போட்டிருக்கு. அப்படித்தான?”

அவளை முந்திக்கொண்டு நான்தான் பேசினேன். மாடலில் குத்தகைதாரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடலாம், பட்டா எண்ணுக்கு உரியவர் ஒருவர், பயிர் வைப்பவர் இன்னொருவர், இரண்டையும் சேர்க்க ஒரு கோடு, பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

“நீங்க வரையிறது சரிதாம்மா. ஆனா இது எழுத்துல வரக்கூடாது. குத்தகைக்காரன்னு ஒரு எடத்துல பேரு ஏறிருச்சுன்னு வைங்க, நாளைக்கு அதக் காட்டி நெலத்தவிட்டு எறங்கமாட்டேம்பான். கோர்ட்டு கேசுன்னு அலையணும். எந்த நெலத்துக்காரன் சம்மதிப்பான்? நம்ம கம்பெனியில இருக்கவங்க பாதிப்பேரு நெலத்துக்காரங்க. அவங்க வெலகிட்டா கம்பெனி ஏது?”

“அப்ப அவங்க விவசாயி இல்லையா சார்?” என் குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. “எங்க அப்பாவும் குத்தகைக்குத்தான் பாக்குறாரு. நான் பொறந்ததுல இருந்து அதே வயல்லதான் கெடக்காரு. ஒங்க கிட்டங்கிக்குத்தான் நெல்லு போடுறாரு. அவரு யாரு சார் அப்ப?”

இயக்குநர் முகத்தில் கோபம் இல்லை. அக்கறையோடு கேட்கிற மாதிரிதான் கேட்டார்: “அப்படியா? எந்த ஊரும்மா நீங்க?”

சொன்னேன்.

“யாரு நெலம் பாக்குறாரு அப்பா?”

அதையும் சொன்னேன். ஒரு உதாரணம் உண்மையாக இருந்தால் வலுவாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் அப்படித்தான் பழக்கம், பொத்தாம்பொதுவாகப் பேசாதே, ஒரு ஆளைக் காட்டு என்பார்கள். நான் என் அப்பாவைக் காட்டினேன். அவர், “ஓ, நம்ம அவரு நெலமா” என்று தலையை ஆட்டிவிட்டு, “இந்த வரி அப்படியே இருக்கட்டும் தம்பி” என்று லீட்டைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது.

லீட்டின் காரில் திரும்பினோம். ஒத்தக்கடை தாண்டும்போது நான்தான் ஆரம்பித்தேன்: “அண்ணே, மாடல் தப்புன்னு நமக்குத் தெரியும். நாமளா மாத்திறலாம்ல?”

“வாடிக்கையாளர் ஒத்துக்காத வார்த்தைய எப்படிப்பா போடுறது. அதுக்குத்தான கிளாசரியே போட்டோம்.” கியரை மாற்றியபடி அவரே சொன்னார்: “எங்க அப்பாவும் ஊர்ல நெலத்தக் குத்தகைக்குத்தான் விட்ருக்காரு. எழுதிக் குடுன்னா குடுக்கமாட்டாரு. நான் சொன்னாலும் குடுக்கமாட்டாரு. அவரு கெட்டவர் இல்லப்பா. பயம்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு இடம் இல்லாமல் போனது. அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சொற்பட்டியல் கையெழுத்தாகி வந்தது. வார்த்தை முடிவானதும் நிரலை அதற்குத் தக்கபடி இறுக்குவது வழக்கம். பட்டாவில் இருக்கும் பெயரும் விவசாயி பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று ஒரு சோதனையைப் பக்கத்து மேசைப் பையன் எழுதினான். அவனுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது. ஒத்துவராத பெயர்களையெல்லாம் நீக்கி, பட்டாவில் உள்ளவர் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றும்படி மேலூரிலிருந்து மெயில் வந்தது. ஏற்றினார்கள். அவ்வளவு நாளும் அந்தக் களப்பணியாளர் பெண் ஸ்கூட்டியில் போய், வரப்பில் நிற்பவரைப் பார்த்து, மனசுக்குச் சரி என்று பட்டதை எழுதிவைத்திருந்தாள். எங்கள் நிரல் மங்கலாக இருந்தவரை அது நடந்தது. நான் துடைத்துத் தெளிவாக்கினேன், அது நின்றுவிட்டது.

அதே வாரத்தில் நிலத்துக்காரர் அப்பாவை மதுரைக்கு வரச்சொல்லி போன் செய்தார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பை நிறையக் கத்தரிக்காய் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி ஊருக்குப் போகாமல் என் ஆபீஸுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. படியேறி வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். நான் ஓடிப்போய் அவரைக் கீழே அழைத்துவந்தேன். ஜவுளிக்கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“நெலத்த விட்றச் சொல்லிட்டாரு” என்றார்.

“என்னப்பா சொன்னாரு?”

“எம் பேரு அவரு பட்டாவுல ஏறியிருக்காமே. கம்ப்யூட்டர்ல. எனக்குத் தெரியாதுய்யா, அந்தப் பிள்ள வந்து பேரு கேட்டுச்சு, சொன்னேன்னேன். ஒம் மகளே கூட்டத்துல பேசுச்சாமேங்கிறாரு. எங்கப்பாதான் விவசாயின்னு சண்ட போட்டுச்சாமே, நெலத்துக்கு அடிப்போடுறீங்களாங்கிறாரு. இம்புட்டு வருசமா ஒரு வார்த்த கடிஞ்சு பேசுனதில்லத்தா அவரு. இந்த அறுப்போட போதும்ப்பா, விட்டுருன்னுட்டாரு.”

நான் கூட்டத்தில் என்ன பேசினேன் என்பதை அவரிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் டீ கிளாஸைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது எவ்வளவு புரிந்தது என்றும் தெரியவில்லை. எழுந்து, “பயிரு பால் பிடிக்கிற நேரம். தண்ணி பாக்கணும். வாரேன்” என்று மாட்டுத்தாவணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிலத்துக்காரர் வீட்டுக்கு நானே போனேன். நல்ல வீடு, வாசலில் குரோட்டன்ஸ் செடிகள். என்னை உட்காரவைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாவுக்கு நிலத்தின்மேல் எந்த எண்ணமும் இல்லை, வேண்டுமானால் எழுதியே தருகிறோம், உங்கள் நிலம்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றேன்.

“எழுதித் தாறதா?” என்று அவர் சிரித்தார். “என்னன்னும்மா எழுதுவீங்க? நான் குத்தகைக்காரன்னா? அதாம்மா வேணாங்குறேன். ஒங்கப்பா தங்கமான ஆளு. எனக்கு அவருமேல ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க படிச்ச பிள்ள. நாளைக்கு ஒங்களுக்கு என்ன தோணும்னு எனக்குத் தெரியாதுல்ல.”

என்ன சொன்னாலும் அது இன்னொரு ஆதாரமாகிவிடும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அறுப்பு நெருங்கியபோது மழை பிடித்தது. பொங்கலை ஒட்டி அப்படி மழை வருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. ஈர வயலில் டயர் போட்ட அறுப்பு மிஷின் இறங்காது, சேற்றிலும் ஓடுகிற பெல்ட் வண்டிதான் வேண்டும். பெல்ட் வண்டிக்கு முறை எங்கள் மென்பொருளில்தான் போட வேண்டும். முறை வந்தால் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும். அவர் ஒத்துக்கொண்டால்தான் வண்டி கிளம்பும். அப்பா வயலுக்கான செய்தி மதுரையில் நிலத்துக்காரர் போனுக்குப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. முறை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

களப்பணியாளர் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் அழுகிற குரலில் பேசினாள். “நானும் ரெண்டு தடவ அப்பா நம்பரப் போட்டுப் பாத்துட்டேன்க்கா. பட்டாதாரர் இல்லன்னு சொல்லி எடுக்கமாட்டேங்குது. முன்னாடின்னா எடுக்கும்க்கா.”

லீட்டிடம் போனேன். அவருக்கு மட்டும் உள்ளே புகுந்து மாற்ற அனுமதி உண்டு. அவர் திரையில் அந்த வயலின் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு ஆளுக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு அதுவும் அவங்களுக்குத் தெரியும்ப்பா. அப்பாவுக்குத்தான் இன்னும் கெடுதல்.” அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் தாங்கமுடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு மிஷின்காரரிடம் பேசி, தனியாக வண்டி அனுப்பச் சொன்னார். அந்த ஆள் சிவகங்கைப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார், இதோ வாரேன் என்றார், நாளைக்கு என்றார், அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றார்.

நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். பயிர் மொத்தமும் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தது. கதிரைக் கையில் எடுத்தால் நெல்மணியிலேயே வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பா, அம்மா, நான், கூலிக்கு வந்த இரண்டு பெண்கள், எல்லோரும் அரிவாளோடு இறங்கினோம். முழங்கால்வரை சேறு. சாய்ந்த பயிரை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் அறுக்க முடியும், தூக்கும்போதே மணி உதிர்ந்து தண்ணீருக்குள் போகும். எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் விரலை அறுத்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். முந்தானையைக் கிழித்துக் கட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையை உதறிவிட்டாள்.

“ஏண்டி அங்க போயி வாயத் தொறந்த? யாரு கேட்டா ஒன்ன? ஒங்கப்பன் விவசாயியா இல்லையான்னு ஊருக்குத் தெரியாதா? எழுதி வச்சாத்தான் அவரு பாடுபட்டது பாடா?”

“அம்மா, நான் நல்லதுக்குத்தான்...”

“நல்லதாம் நல்லது! எழுதாம இருந்துச்சு, இருந்தோம். எழுதப்போன, போச்சு.”

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. ஒரே சீராக அறுத்துக்கொண்டே போனார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும். அந்த வரிசையை முடித்து வரப்புக்கு வந்தபோது அரிவாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, “அவளத் திட்டாத” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முளைத்த நெல்லைக் கிட்டங்கியில் எடுக்கவில்லை. நிலத்துக்காரருக்குப் பேசிய பங்கை மட்டும், பழைய நெல்லும் சேர்த்து, நல்லதாகப் பார்த்து அப்பா கொண்டுபோய் இறக்கினார். அது வேண்டாம், இந்த வருடம் இப்படியாகிவிட்டதே என்று அவர் சொன்னாராம். அப்பா கேட்கவில்லை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, மோட்டார் ரூம் சாவியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு ஊரில் யாரும் அவருக்கு நிலம் விடவில்லை. அவர்மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. கேட்டால் “பாப்போம்ப்பா” என்றார்கள். மகள் கம்ப்யூட்டர்ல பேரு ஏத்திரும் என்று யாரோ டீக்கடையில் வேடிக்கையாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்து வயல்களில் இன்னும் சில குத்தகைகளும் அந்த வருடம் முறிந்தன. எத்தனை என்று எனக்குத் தெரியாது. களப்பணியாளர் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள்.

மேலூர்க் கம்பெனிக்கு எங்கள் சொற்பட்டியல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. லோடு விஷயத்தில் அதற்குப் பிறகு ஒரு சண்டைகூட வரவில்லை. இயக்குநர் தனக்குத் தெரிந்த வேறு வட்டாரக் கம்பெனிகளிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவர்களும் வந்தார்கள். மாடல் அதேதான், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்கிரிப்ட்டை ஓட்டச்சொல்லி லீட் என்னிடம் சொல்லவில்லை. வேறு யாரையாவது செய்யச்சொல்கிறேன் என்றார். நானே செய்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. பொத்தானைத் தட்டினேன். பட்டியல் ஒரு நொடியில் வந்து விழுந்தது. எல்லாச் சொற்களும் சுத்தமாக, பிழையில்லாமல் இருந்தன. விவசாயி என்ற வரிக்கு நான் முன்பு பூசிய மஞ்சள் நிறம் இதில் இல்லை.

ஒருமுறை வேலையை விட்டுவிடுகிறேன் என்று லீட்டிடம் சொல்லிப் பார்த்தேன். “விட்டா அந்த வரி மாறிருமா?” என்று கேட்டார். குத்திக்காட்டுகிற மாதிரி கேட்கவில்லை, அவருக்கே பதில் தெரியாத கேள்வியாகத்தான் கேட்டார். நான் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

அப்பாவையும் அம்மாவையும் மதுரைக்கு அழைத்துவந்துவிட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் சின்ன வாடகை வீடு. அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறாள். என்னோடு பழையபடி பேசுகிறாள், ஆனால் என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அப்பாவுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். மழை வருமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் முன் அவரிடம் கேட்கிறார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. அடுக்குமாடி வீடு ஒன்றில் காவல் வேலைக்குக் கேட்டிருக்கிறோம், வயது அதிகம் என்கிறார்கள்.

நிலத்துக்காரர் அந்த வயலை வேறு யாருக்கும் விடவில்லை. தரிசாகப் போட்டுவிட்டார். சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது, ஒரு ஓரத்தில் யாரோ செங்கல் இறக்கியிருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். போன மாசியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் மூவரும் பஸ்ஸில் ஊருக்குப் போனோம். வயல் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது, இடதுபக்க ஜன்னலில் நன்றாகத் தெரியும். பஸ்ஸில் கூட்டமே இல்லை, இடதுபக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அப்பா ஏறி, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வெயில் முகத்தில் அடிக்கிற வலதுபக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால் போய் அதே பக்கத்தில் உட்கார்ந்தோம்.